கம்மந்தான் கான்சாகிபு

பிறர் கோட்டைகளைக் காத்தவன். தன் கோட்டையில் சிக்கியவன்

1764-ம் ஆண்டு, அக்டோபர் மாதம்.

மதுரைக் கோட்டைக்குள் பஞ்சம் தலைவிரித்து ஆடியது. நெல் தீர்ந்தது. ஆடு மாடுகள் தீர்ந்தன. குதிரைகளை அறுத்துத் தின்றார்கள். பிறகு எலியையும் குரங்கையும்கூட விடவில்லை.

கோட்டையைச் சுற்றிலும் ஆர்க்காட்டு நவாபின் படை. அதனுடன் இங்கிலீஷ் கும்பினியின் படை. ஒரு மூட்டை அரிசி உள்ளே போக வழி இல்லை. ஓர் ஆள் வெளியே வர வழி இல்லை.

உள்ளே முற்றுகையில் சிக்கி இருந்தவன் யார் தெரியுமா? முற்றுகைகளை உடைப்பதில் பெயர் பெற்றவன்! பட்டினி கிடந்த திருச்சிக் கோட்டைக்கு இரவோடு இரவாக அரிசி கொண்டுபோனவன். சென்னைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் சூழ்ந்தபோது வெளியே நின்று அவர்களைத் தூங்கவிடாமல் அடித்தவன்.

அவன்தான் கான்சாகிபு. கம்மந்தான் கான்சாகிபு என்று தென்னாட்டு மக்கள் அழைத்த முகமது யூசுப்கான்.

பிறருடைய கோட்டைகளை மீட்ட அவனை மீட்க யாருமே வரவில்லை. ஏன்? அதுதான் அவனுடைய கதை.

பனையூர்ச் சிறுவன்

ராமநாதபுரம் சீமையில் உள்ள பனையூரில், 1725-ம் ஆண்டு வாக்கில், வேளாளர் குடும்பம் ஒன்றில் அவன் பிறந்தான் என்று சொல்வார்கள். பெற்றோர் இட்ட பெயர் மருதநாயகம்.

சிறு வயதிலேயே வீட்டைவிட்டு வெளியேறினான். ஊர் ஊராகத் திரிந்தான். புதுச்சேரியில் ஐரோப்பியர்களிடம் வேலை பார்த்தான். அங்கே அவர்களுடைய பாஷைகளைக் கற்றுக்கொண்டான். இஸ்லாம் மதத்தைத் தழுவி, முகமது யூசுப் ஆனான். மாஷா என்ற கிறிஸ்தவப் பெண்ணை மணந்துகொண்டான். அவள் போர்த்துகீசிய வழியில் வந்தவள் என்பார்கள்.

பின்பு வாளைக் கையில் எடுத்தான். 1752-ம் ஆண்டு வாக்கில் ராபர்ட் கிளைவின் படையில் அவனைக் காண்கிறோம்.

அப்போது கர்நாடகச் சீமையில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. ஆர்க்காட்டு நவாபு பட்டத்துக்கு இரண்டு பேர் போட்டியிட்டார்கள். ஒருவன் சந்தாசாகிபு, அவனுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் துணை. மற்றவன் முகமது அலி. அவனுக்கு இங்கிலீஷ்காரர்கள் துணை.

1751-ம் ஆண்டில் முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் முடங்கிக் கிடந்தான். சந்தாசாகிபு அதை முற்றுகையிட்டான். அந்த முற்றுகையைத் தளர்த்துவதற்காகத்தான் கிளைவ் ஆர்க்காட்டுக் கோட்டையைப் பிடித்து, ஐம்பது நாட்கள் அதைக் காத்து நின்றான். மறு ஆண்டு சந்தாசாகிபு கொல்லப்பட்டான். முகமது அலி தப்பிப் பிழைத்தான்.

இந்த முகமது அலியின் பெயரை வாசகர்கள் மறந்துவிடக்கூடாது. கான்சாகிபின் கழுத்தில் கயிறு மாட்டப் போகிறவன் இவன்தான்.

அரிசி மூட்டையும் ஒரு கடிதமும்

அந்தக் காலத்துக் கோட்டைச் சண்டை எப்படி நடக்கும்?

எதிரிகள் கோட்டையைச் சுற்றி வளைப்பார்கள். பீரங்கிக் குண்டு தங்கள்மேல் படாதபடி நீளமாகப் பள்ளம் தோண்டுவார்கள். பள்ளத்தின் வழியே நாளுக்கு நாள் சுவரை நெருங்குவார்கள். பிறகு பெரிய பீரங்கிகளை நிறுத்தி, ஒரே இடத்தில் சுட்டுச் சுட்டுச் சுவரை உடைப்பார்கள். உடைந்த இடத்தின் வழியே உள்ளே பாய்வார்கள்.

ஆனால், சுவர் உடைந்து விழுந்த கோட்டைகளைவிட, சோறு இல்லாமல் விழுந்த கோட்டைகளே அதிகம். உள்ளே இருப்பவர்களுக்கு இரண்டு வேண்டும். ஒன்று உணவு. மற்றொன்று, வெளியே இருந்து உதவி வரும் என்ற நம்பிக்கை.

இதை யூசுப்கான் திருச்சியில் கற்றுக்கொண்டான்.

சந்தாசாகிபு ஒழிந்த பிறகும் திருச்சிக்கு அமைதி இல்லை. உதவி செய்தால் திருச்சியைத் தருவதாக மைசூர்த் தளபதி நஞ்சராஜனுக்கு முகமது அலி வாக்குக் கொடுத்திருந்தான். வேலை முடிந்ததும் கொடுக்க மறுத்துவிட்டான். கோபம் கொண்ட மைசூர்க்காரர்கள் பிரெஞ்சுக்காரர்களுடன் சேர்ந்து, 1753, 1754-ம் ஆண்டுகளில் திருச்சியை நெருக்கினார்கள்.

கோட்டைக்கு வேண்டிய அரிசி தஞ்சாவூர்ச் சீமையிலிருந்தும், புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமையிலிருந்தும் வரவேண்டும். வழி முழுவதும் எதிரியின் குதிரைப்படை. மூட்டை ஏற்றிய மாடுகளைக் காவல் காத்துக் கொண்டுவருவது யார்?

யூசுப்கான் அந்த வேலையை ஏற்றான். அவனுக்குக் காட்டு வழிகள் தெரியும். ஊர் மக்களின் பேச்சு தெரியும். எதிரி எங்கே படுத்திருக்கிறான் என்பதை ஒற்றர்கள் மூலம் அறிந்துகொள்வான். இருட்டிய பிறகு புறப்படுவான். விடிவதற்குள் மாடுகள் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தளபதி லாரன்ஸ் அவனுடைய திறமையைக் கண்டு வியந்தான்.

திறமை உள்ள இடத்தில் பொறாமையும் இருக்கும் அல்லவா? பொன்னியப்பன் என்பவன் லாரன்சுக்கு மொழிபெயர்ப்பாளன். அவன் மைசூர்க்காரர்களுடன் கள்ள உறவு கொண்டிருந்தான். யூசுப்கானை ஒழிக்க ஒரு சூழ்ச்சி செய்தான். திருச்சியை மைசூர்க்காரர்களிடம் காட்டிக்கொடுக்க யூசுப்கான் சம்மதித்துவிட்டதுபோல் ஒரு பொய்க் கடிதம் தயாரானது. அது வெள்ளைக்காரர்கள் கையில் கிடைக்கும்படியும் செய்யப்பட்டது.

யூசுப்கானின் உயிர் ஒரு நூலில் தொங்கியது. ஆனால் லாரன்சின் அதிகாரிகள் பொறுமையாக விசாரித்தார்கள். கடிதம் கொண்டுவந்தவன் உண்மையைக் கக்கினான். பொன்னியப்பனைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டுக் கொன்றார்கள்.

யூசுப்கானின் புகழ் முன்னிலும் உயர்ந்தது. 1754-ம் ஆண்டில் கும்பினியின் சிப்பாய்கள் அனைவருக்கும் அவன் தலைவனாக்கப்பட்டான். தங்கப் பதக்கமும் பரிசாகக் கிடைத்தது. வெள்ளைக்காரர்கள் கொடுத்த கமாண்டண்ட் என்ற பட்டம் மக்கள் வாயில் கம்மந்தான் ஆயிற்று.

சென்னையைச் சூழ்ந்த லாலி

1758-ம் ஆண்டில் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி பெரும் படையுடன் வந்து இறங்கினான். இங்கிலீஷ்காரர்களை இந்தியாவிலிருந்து விரட்டுவதே அவன் நோக்கம். கடலூர்ப் பக்கத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையை ஜூன் மாதத்தில் பிடித்தான். டிசம்பரில் சென்னையை நோக்கி வந்தான்.

டிசம்பர் 14-ந் தேதி கருப்பர் நகரம் அவன் வசமாயிற்று. சென்னைக் கோட்டைக்கு வடக்கே இந்தியர்கள் வாழ்ந்த பகுதிக்கு அன்று அதுதான் பெயர். அங்கே சாராயக் கிடங்குகளைக் கண்ட பிரெஞ்சுச் சிப்பாய்கள் குடித்துவிட்டுத் தள்ளாடினார்கள். அதை அறிந்த இங்கிலீஷ்காரர்கள் கோட்டையிலிருந்து பாய்ந்து வந்து தாக்கினார்கள். இரு பக்கமும் பலத்த சேதம்.

கோட்டைக்குள் கவர்னர் பிகட் இருந்தான். படைக்கு லாரன்ஸ் தலைவன். சுமார் 1,700 ஐரோப்பியர்களும் 2,200 சிப்பாய்களும் கோட்டையைக் காத்தார்கள். நவாபு முகமது அலியும் குடும்பத்தோடு உள்ளே இருந்தான். அவனைக் கப்பல் ஏற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஜனவரியில் லாலியின் பீரங்கிகள் முழங்கின. கோட்டைப் பீரங்கிகள் பதில் கொடுத்தன. முற்றுகை முடிவதற்குள் கோட்டையிலிருந்து மட்டும் 26,000-க்கும் அதிகமான குண்டுகள் சுடப்பட்டன!

இந்த நேரத்தில் யூசுப்கான் எங்கே?

லாரன்சின் அழைப்பை ஏற்று, அவன் தெற்கேயிருந்து சுமார் 2,000 சிப்பாய்களுடன் வந்துவிட்டான். ஆனால் கோட்டைக்குள் போகவில்லை. உள்ளே போனால் தானும் ஒரு கைதி. வெளியே இருந்தால் எதிரிக்கு எமன்! இதுதான் திருச்சியில் கற்ற பாடம்.

செங்கல்பட்டுக் கோட்டையில் பிரஸ்டன் என்ற இங்கிலீஷ் தளபதி இருந்தான். யூசுப்கான் அவனுடன் சேர்ந்துகொண்டான். இருவரும் பரங்கிமலைப் பக்கம் தோன்றித் தாக்குவார்கள். பிரெஞ்சுப்படை திரண்டு வரும். அதற்குள் மறைந்துவிடுவார்கள். மறுபடி வேறு திசையில் தோன்றுவார்கள். லாலிக்கு வரும் தானிய மூட்டைகளும் மாடுகளும் வழியிலேயே பறிபோயின. ஒரு பக்கம் விரட்டினால் மறு பக்கம் வந்து மொய்க்கும் ஈக்களைப்போல இவர்கள் இருக்கிறார்கள் என்று லாலியே அலுத்துக்கொண்டானாம்.

பிப்ரவரி 9-ந் தேதி பரங்கிமலையில் பெரிய சண்டை நடந்தது. இவர்களை ஒழித்துக்கட்ட லாலி தன் படையில் ஒரு பகுதியை அனுப்பினான். தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த கலியாட் என்ற தளபதியும் யூசுப்கானும் நாள் முழுவதும் நின்று போராடினார்கள். மாலையில் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பிப் போனார்கள்.

முற்றுகையிட வந்தவனே இப்போது முற்றுகையில் சிக்கியவன்போல் ஆனான். லாலியின் கஜானா காலி. சிப்பாய்களுக்குச் சம்பளம் இல்லை. உணவும் சரியாக இல்லை.

1759 பிப்ரவரி 16-ந் தேதி, கடலில் ஆறு கப்பல்கள் தோன்றின. கோட்டைக்கு உதவியாக 600 போர்வீரர்கள் அவற்றில் வந்திருந்தார்கள். மறுநாள் இரவே லாலி முற்றுகையைக் கைவிட்டுப் புறப்பட்டான். சுமார் 50 பீரங்கிகளை அப்படியே விட்டுவிட்டுப் போனான்.

சென்னை பிழைத்தது. கடல் வழியே வந்த கப்பல்கள் ஒரு காரணம். தரை வழியே உணவை மறித்த யூசுப்கான் இன்னொரு காரணம்.

மதுரையில் ஒரு நல்லாட்சி

அதே 1759-ம் ஆண்டில் யூசுப்கான் மதுரைக்குத் திரும்பினான். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆளும் பொறுப்பு அவனிடம் வந்தது. ஆண்டுதோறும் ஐந்து லட்சம் ரூபாய் குத்தகை செலுத்த வேண்டும் என்று ஏற்பாடு.

அப்போது அந்தச் சீமைகள் சீரழிந்து கிடந்தன. யூசுப்கான் கள்ளர் பயத்தைப் போக்கினான். வணிகர்கள் அச்சமின்றி நடமாடும்படி செய்தான். நெசவாளர்களுக்கு ஆதரவு கொடுத்தான். குளங்களும் கால்வாய்களும் பழுது பார்க்கப்பட்டன. மதுரை மீனாட்சி அம்மன் கோவிலுக்கு உரிய மானியங்கள் திரும்பக் கிடைத்தன. அவன் மறைந்த பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பக்கம் வந்த புல்லர்ட்டன் என்ற இங்கிலீஷ் தளபதி, அவனுடைய ஆட்சியின் திறமையைப் பாராட்டி எழுதி வைத்திருக்கிறான்.

ஆனால் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு.

வரி கொடுக்க மறுத்த பாளையக்காரர்களை யூசுப்கான் இரக்கமின்றி அடக்கினான். எதிர்த்தவர்களைத் தூக்கிலிட்டான். நெற்கட்டுஞ்செவ்வல் பூலித்தேவன் வெள்ளையருக்குத் தலைவணங்க மறுத்த வீரன். அவனுடைய கோட்டைகளை ஆண்டுக்கணக்கில் முட்டி மோதி, 1761-ம் ஆண்டில் யூசுப்கான் பிடித்தான். தெற்கே திருவிதாங்கூருடனும் போர் நடத்தினான். பக்கத்திலிருந்த சிவகங்கையின் பகையையும் தேடிக்கொண்டான்.

கும்பினிக்காகவும் நவாபுக்காகவும் தன்னைச் சுற்றி இருந்த எல்லோரையும் அவன் பகைத்துக்கொண்டான். அந்தப் பகை பின்னால் அவனையே சுற்றி வளைக்கும் என்று அப்போது அவன் நினைக்கவில்லை.

பாராட்டியவர்களே பகைவரானார்கள்

யூசுப்கானின் செல்வாக்கைக் கண்டு நவாபு முகமது அலிக்குப் பொறாமை. இவன் என் வேலைக்காரன், குத்தகைப் பணத்தை என்னிடம்தான் கட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். யூசுப்கானோ, தனக்குச் சோறு போட்ட எசமானர் கும்பினியே, நவாபு அல்ல என்று கருதினான். 1762-ம் ஆண்டில், ஏழு லட்சம் ரூபாய் தருவதாகக்கூடச் சொல்லிப் பார்த்தான். பயன் இல்லை. கும்பினி நவாபின் பக்கம் சாய்ந்தது.

சென்னைக்கு நேரில் வந்து பேசும்படி அழைத்தார்கள். போனால் திரும்ப முடியாது என்று யூசுப்கான் அஞ்சினான். படை திரட்டினான். மதுரைக் கோட்டையைப் பலப்படுத்தினான். மர்ச்சண்டு என்ற பிரெஞ்சுக்காரன் தன் ஆட்களுடன் வந்து அவனிடம் சேர்ந்தான். 1763-ம் ஆண்டின் தொடக்கத்தில், இங்கிலீஷ் கொடி பறந்த இடத்தில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றிவிட்டான் யூசுப்கான்!

விதியின் விளையாட்டைப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர்களிடம் புதுச்சேரிகூட அப்போது இல்லை. 1761-ம் ஆண்டு ஜனவரியிலேயே அதை இங்கிலீஷ்காரர்கள் பிடித்துவிட்டார்கள். 1763 பிப்ரவரி 10-ந் தேதி பாரீஸ் நகரில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதான ஒப்பந்தமும் செய்துகொண்டன. அந்தச் செய்தி கப்பலில் வந்துசேரப் பல மாதங்கள் பிடிக்கும். சண்டையை நிறுத்திவிட்ட ஒரு நாட்டின் உதவியை நம்பித்தான் அவன் கொடி ஏற்றினான்.

வராத உதவி

1763-ம் ஆண்டின் பிற்பகுதியில், மான்சன் என்ற தளபதியின் தலைமையில் கும்பினிப் படையும் நவாபு படையும் மதுரையைச் சூழ்ந்தன. படையை அனுப்பிய சென்னைக் கவர்னர் யார்? லாலியின் முற்றுகையின்போது கோட்டைக்குள் இருந்த அதே பிகட்!

இப்போது மதுரையில் வெளி வீதிகள் இருக்கின்றன அல்லவா? அன்று அங்கேதான் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. சுவரில் 72 கொத்தளங்கள் இருந்தன என்பார்கள். பீரங்கிகள் எவ்வளவு முழங்கியும் யூசுப்கான் அசையவில்லை. மழைக்காலம் வந்தது. பள்ளங்களில் தண்ணீர் நிரம்பியது. நவம்பரில் மான்சன் முற்றுகையைக் கைவிட்டான். முதல் வெற்றி யூசுப்கானுக்கு!

1764-ல் மீண்டும் படை வந்தது. இம்முறை கேம்பல் என்பவன் தளபதி. அவனுடன் வந்தவர்களில் ஒருவன் பிரஸ்டன். ஆம், செங்கல்பட்டிலிருந்து யூசுப்கானுடன் தோளோடு தோள் நின்று லாலியை அடித்த அதே பிரஸ்டன்.

ஜூன் 26-ந் தேதி சுவர் உடைப்பின் வழியே வெள்ளையர்கள் பாய்ந்தார்கள். யூசுப்கானின் வீரர்கள் அவர்களை அடித்து விரட்டினார்கள். வெள்ளையர் பக்கம் பலத்த சேதம். பழைய நண்பன் பிரஸ்டனும் படுகாயம் அடைந்து, பிறகு இறந்துபோனான்.

வாளால் கோட்டையைப் பிடிக்க முடியாது என்று கேம்பல் தெரிந்துகொண்டான். பட்டினி போட்டுப் பிடிக்க முடிவு செய்தான். எல்லா வழிகளும் அடைக்கப்பட்டன.

லாலியின் பட்டாளத்துக்கு யூசுப்கான் எதைச் செய்தானோ, அதையே இப்போது அவனுக்குச் செய்தார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம். திருச்சி பட்டினி கிடந்தபோது அரிசி கொண்டுவர ஒரு யூசுப்கான் இருந்தான். சென்னை தவித்தபோது பரங்கிமலையில் ஒரு யூசுப்கான் நின்றான். மதுரை தவித்தபோது வெளியே யார் இருந்தார்கள்?

தெற்கே பூலித்தேவனின் வலிமையை அவனே ஒடுக்கிவிட்டான். திருவிதாங்கூர் அவனுக்குப் பகை. சிவகங்கையும் புதுக்கோட்டையும் நவாபுக்குத் துணை. மைசூரில் ஹைதர் அலிக்குத் தன்னுடைய போர்களைக் கவனிக்கவே நேரம் இல்லை. பிரெஞ்சுக் கப்பல் எதுவும் வரவில்லை. இரவில் மாடுகளை ஓட்டிக்கொண்டு வர ஒரு நண்பன்கூட மிச்சம் இல்லை.

தலைப்பாகைக் கயிறு

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும். கோட்டையில் விசுவாசமும் பறந்தது.

வெளியே விட்டால் கோட்டையைக் கொடுத்துவிடுவதாக யூசுப்கான் பேசிப் பார்த்தான். பயனில்லை. இனி இவனை நம்பினால் நமக்கும் சாவுதான் என்று அவனைச் சுற்றி இருந்தவர்கள் எண்ணினார்கள். மர்ச்சண்டு, திவான் சீனிவாசராவ், வைத்தியன் பாபாசாகிபு ஆகியோர் கூடிச் சதி செய்தார்கள்.

அக்டோபர் 13-ந் தேதி. யூசுப்கான் தொழுகையில் இருந்தான். கையில் வாள் இல்லை. சதிகாரர்கள் பாய்ந்தார்கள். அவனுடைய தலைப்பாகையாலேயே அவனைக் கட்டினார்கள். கேம்பலின் முகாமுக்குத் தூக்கிச் சென்றார்கள்.

பத்து ஆண்டுகளுக்கு முன் திருச்சியில் அவன்மீது துரோகப் பழி வந்தபோது, பொறுமையாக விசாரிக்க ஆள் இருந்தது. இம்முறை விசாரணையே இல்லை. கும்பினி அவனை நவாபிடம் ஒப்படைத்தது.

அக்டோபர் 15-ந் தேதி மாலை, மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில் யூசுப்கான் தூக்கிலிடப்பட்டான். அவனுக்கு அப்போது நாற்பது வயது இருக்கலாம்.

இரண்டு முறை கயிறு அறுந்துபோயிற்று என்று மக்கள் சொல்வார்கள். செத்த பிறகும் நவாபுக்குப் பயம் தீரவில்லை. உடலைத் துண்டுகளாக்கி வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பினான். எஞ்சிய உடல் சம்மட்டிபுரத்திலேயே புதைக்கப்பட்டது. 1808-ம் ஆண்டில் அந்த இடத்தில் ஒரு தர்கா எழுந்தது. அது இன்றும் இருக்கிறது.

மதுரைக் கோட்டை இப்போது இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்துவிட்டார்கள். ஆனால் கான்சாகிபின் பெயர் அழியவில்லை. மதுரையில் கான்சா மேட்டுத் தெரு இருக்கிறது. அவனுடைய சண்டையைக் கிராமத்து மக்கள் கதைப் பாட்டாகப் பாடினார்கள்.

கான்சாகிபு வீரத்தில் குறைந்தவன் அல்ல. அறிவில் குறைந்தவன் அல்ல. ஒரு கோட்டை பிழைக்க வேண்டுமானால், வெளியே நண்பன் வேண்டும் என்பது அவனைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. அந்த நண்பர்களை அவன் சென்னையில் தேடினான், பாரீசில் தேடினான். பக்கத்து ஊரில் தேடவில்லை. அங்கே இருந்தவர்களை அவன் ஏற்கெனவே அடித்து நொறுக்கியிருந்தான்.

மதுரையின் சுவர் கடைசிவரை விழவில்லை. அதைக் காத்தவன்தான் விழுந்தான்.